மாப்பிள்ளை ரூம் சாவி

மேட்டூர் அணை நிரம்பி, வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, எங்கள் தெருவில் எல்லோரும் டிவியையும் துணிமணியையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குள் கக்கூஸ் பார்க்கக் கிளம்பினேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், பள்ளிபாளையத்தில், ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். தண்ணீர் ஏறினால் வெளியேறுவது எங்களுக்குப் புதிதல்ல. மற்ற வருடங்களில் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். இந்த முறை அப்படிப் போக வழியில்லை. என் வீட்டுக்காரரின் வலது கால் மடங்காது.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரிகள் திருச்செங்கோட்டிலிருந்து வடநாட்டுக்குப் போனால் ஆறேழு மாதம் கழித்துத்தான் திரும்பும். போனமுறை போன இடத்தில் இரும்பு ராடு ஒன்று வழுக்கி அவர் முழங்காலில் விழுந்தது. பிளேட் வைத்து, ஸ்க்ரூ முடுக்கி, நேராக நீட்டிய காலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதமாக வாக்கர் பிடித்துத்தான் நடை. வீட்டில் மகள் அடம்பிடித்துப் போட வைத்த வெஸ்டர்ன் கக்கூஸ் இருந்ததால் பிழைத்தோம்.

காலை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடியிருந்தது. வருடக்கணக்காக வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து கிட்னியைக் கெடுத்து வைத்திருந்தார். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "தண்ணி குறையக் கூடாது. குறைஞ்சா டயாலிசிஸ்ல கொண்டுபோய் விட்டுரும்" என்றார். நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தமும் சிறுநீரும் வாங்கி வைப்பதே என் பிழைப்பு. டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம் என் வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் திருச்செங்கோட்டில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னாள். ஆனால் அவள் வீடு இரண்டாவது மாடி, படிக்கட்டில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. அக்கா வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார் என்றதும் இவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சகலை என்னையக் கொழந்தையாட்டத் தூக்கிட்டுப் போறதா? அதுக்கு நான் ஆத்தோடவே போயிர்றேன்."

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கழிப்பறைகள் சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டியவை. டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாலும், நீட்டிய கால் கதவுக்கு வெளியேதான் நிற்கும். கதவைச் சாத்த முடியாது. அங்கே பெஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்கள், கல்யாணத்துக்குச் சத்திரம் பார்க்க வந்தவள் மாதிரி அளக்கிறேனே என்று கேலி செய்தார்கள். இன்னும் கொஞ்சம் அளந்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாவது, மேட்டுத் தெருவில் இருக்கும் கல்யாண மண்டபம். ஆடி மாதம் என்பதால் கல்யாணம் எதுவும் இல்லை. ஆற்றோரத்து ஜனங்களைத் தங்க வைக்கச் சொல்லி அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். வாட்ச்மேன் என்னை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். மேடைக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், மணமகன் அறை. அதற்குள் விசாலமான பாத்ரூம், வெஸ்டர்ன் கக்கூஸ், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பிகூட இருந்தது. அந்தக் கம்பியைப் பார்த்தபோது கோயிலில் தீபாராதனை பார்த்த நிறைவு எனக்கு. மண்டபம்தான் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மறுநாள் காலை ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். தெரு முனையில் தண்ணீர் வந்து நின்றது. இவரோ நகர மறுத்தார். ஒற்றைக் காலில் நிற்பது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஒற்றைக் காலில் நின்று அடம்பிடித்தார்.

"நீ போ புள்ள. நான் கட்டல்ல ஏறி உக்காந்துக்கறேன். போன தடவ ஊட்டுக்குள்ள முழங்கால் தண்ணிதான வந்துச்சு?"

"உங்க முழங்காலா, என்ற முழங்காலாங்க?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை ரூம்ல வெஸ்டர்ன் இருக்குது. கண்ணால பாத்துட்டு வந்துட்டேன். கெளம்புங்க."

அதைக் கேட்டபிறகுதான் அசைந்தார். குட்டியானை சரக்கு வண்டியின் பின்னால் மெத்தை போட்டு, அதில் காலை நீட்டி உட்கார வைத்துக் கூட்டிப்போனோம்.

மண்டபத்தில் கால் வைத்தால், மணமகன் அறையில் பூட்டு தொங்கியது. சாவி மேனேஜரின் சட்டைப்பையில் இருந்தது.

"ஆடி போனா ஆவணிங்க அம்மிணி" என்றார் மேனேஜர். "மொத முகூர்த்தத்துக்கே புக்கிங் ஆயிருச்சு. ஏசி, மெத்தை எல்லாம் இருக்கற ரூமு. ஹாலையும் டைனிங்கையும் மட்டுந்தான் தொறக்கோணும்னு ஓனரு சொல்லிப்போட்டாருங்க."

"நேத்து வாட்ச்மேன் காட்டினாரே?"

"காட்டத்தான காட்டுனாரு? குடுக்கறேன்னா சொன்னாரு?"

தப்பு என்னுடையது. லேபில் ஒவ்வொரு குப்பியிலும் பெயர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறவள் நான். அகலம், நீளம், கம்பி எல்லாம் பார்த்தேன். சாவி யாரிடம் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

மற்ற எல்லோருக்கும் டைனிங் ஹாலுக்குப் பின்னால் குந்துகிற மாதிரியான ஆறு கழிப்பறைகள் வரிசையாக இருந்தன. மூன்று படி ஏற வேண்டும், தரையெல்லாம் ஈரம். இவரைத் தெருக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய், நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, திறந்த கதவுக்கு முன்னால் நான் போர்வையை விரித்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றுவிட்டது. திரும்பி வந்து பாயில் படுத்தவர், துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பசியும் இல்லை, தாகமும் இல்லை. சாயங்காலம் கிச்சடி கொடுத்தார்கள். வயிறு சரியில்லை என்றார். காலையில் டீ வேண்டாம் என்றார். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தால் வாங்கித் தொண்டை நனையும் அளவுக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த யூரின் பாட்டிலை எடுத்தேன். நூறு பேர் படுத்திருக்கிற ஹாலில், போர்வைக்குள் அந்த வேலையா என்று என்னை முறைத்தார்.

"தண்ணி குடிங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"தாகம் எடுத்தா குடிக்க மாட்டனா? சும்மா நொய்நொய்னு..."

இரண்டாம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரண்டு நாற்காலிக்கு நடுவில் சேலையைக் கட்டினேன். என் கைப்பையில் லேபில் கொடுக்கும் மூடி போட்ட டப்பாக்கள் எப்போதும் இரண்டு கிடக்கும். ஒன்றை நீட்டினேன். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளின் குரலில் இல்லாமல், லேப்காரியின் குரலில் சொன்னேன். "இதுல புடிச்சுக் குடுங்க."

பிடித்துக் கொடுத்தார். கொஞ்சம்தான் இருந்தது. கெட்டி டிக்காஷன் நிறம்.

டப்பாவை மூடினேன். எனக்கு வந்தது பயமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன், இரண்டும்தான். நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கல்யாண புக்கிங் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த நோட்டுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தேன்.

"என்னங்கம்மிணி இது?"

"என்ற ஊட்டுக்காரரோட மூத்திரமுங்க."

மனிதர் நாற்காலியோடு பின்னால் போனார். "அடச்சே! எடுங்க அம்மிணி, எடுங்க!"

"எடுக்கறேங்க. எடுக்கறதுக்கு முன்னால நெறத்தப் பாத்துக்கங்க. நேத்துல இருந்து அவரு தண்ணி குடிக்கறதில்லீங்க. குடிச்சா பின்னால தூக்கிட்டுப் போகோணுமேன்னு வாயைக் கட்டிட்டுக் கெடக்கறாரு. ஏற்கனவே கிட்னி பாதி போன ஆளு. உங்க மெத்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அந்த ரூமத் தொறக்காட்டி அவருக்கு ஆகும். ஓனருக்குப் போன் போட்டு இதையே சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே பேசினார். இரண்டு நிமிடம் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுவிட்டு, சாவியை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான், வேறு யாரும் போகக் கூடாது என்பது நிபந்தனை. டப்பாவையும் சாவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாவியை இவர் கையிலேயே கொடுத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு மூடிய சத்தம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெளியே வந்து, கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், பாட்டிலை நீட்டியபோது மறுபடியும் இரண்டே மடக்கோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னைக்குக் குடுத்துட்டு நாளைக்குப் பூட்டிட்டா என்ன பண்றது? பாத்துக் குடிச்சுக்கறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அப்போது எங்கள் தெருவில் இட்லி மாவு ஆட்டி விற்கிற பெரியம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். இரண்டு முழங்காலும் வீங்கிப்போனவர். என் காதருகே குனிந்து, "அம்மிணி, நானும் ஒருக்கா போயிட்டு வாரட்டுமா? அங்க என்னால குந்த முடியல. நேத்துல இருந்து வாயில பச்சத் தண்ணி ஊத்தலடா சாமி" என்றார்.

உதட்டைப் பார்த்தேன். வெடித்திருந்தது. முந்தின நாளிலிருந்து பக்கத்துப் பாயில்தான் இருந்தார். புருஷனின் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த நான், அவருடைய டம்ளரைப் பார்க்கவே இல்லை.

எழுந்து நின்று, தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் யாரென்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. எப்படி உயரும்? பிறகு ஒவ்வொருவர் பாய்க்கும் போய், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். நிறைமாதமாக இருந்த ஒரு பெண். பக்கவாதம் வந்த ஒரு தறிக்காரர். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். வாயைக் கட்டியிருந்தார்கள். வாருங்கள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

மேனேஜர் வந்துவிட்டார்.

"ஒருத்தருக்குன்னு சொல்லித்தானுங்க சாவி குடுத்தேன்? இதென்ன கூட்டமுங்க? சாவியக் குடுங்க."

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு வரிசையிலிருந்து விலகினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்து, வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு மாதமாகக் காலைப் பற்றி யார் கேட்டாலும் சும்மா சின்ன அடி என்று மழுப்பியவர், ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினார்.

"மேனேஜரு, இங்க பாருங்க. என்ற கால் மடங்காது. கக்கூசுல குந்த முடியாது. இதச் சொல்ல வெக்கப்பட்டுட்டுத்தான் நேத்துல இருந்து தண்ணி குடிக்காமக் கெடந்தேன். இந்தப் பெரியம்மாளும் அப்படித்தான். அந்தத் தறிக்கார அண்ணனும் அப்படித்தான். நாங்க ஒண்ணும் கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை இல்லீங்க. ஊட்டுக்குள்ள ஆறு வந்துருச்சுன்னு வந்து கெடக்கறோம். சாவி என்றகிட்டத்தான் இருக்குது. தர மாட்டேன். வேணும்னா என்னையத் தூக்கி அக்கட்டால போட்டுட்டு வாங்கிக்கங்க. ஆனா நாலு ஆளு வேணும், சொல்லிப்போட்டேன்."

தட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றிருந்த பெண்கள் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தறிக்காரர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் இன்னும் ஓர் அடி முன்னால் வந்து நின்றார். மேனேஜர் அவரைப் பார்த்தார், நிறைமாதப் பெண்ணைப் பார்த்தார்.

"மெத்தையில மட்டும் ஆரும் உக்காராமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவர் வாக்கரைத் தள்ளி வைத்து வழி விட்டார். பெரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"புள்ள, அந்தப் பாட்டலக் குடு."

கொடுத்தேன். அண்ணாந்து ஊற்ற ஆரம்பித்தவர், பாட்டில் காலியாகும் வரை இறக்கவில்லை. சட்டையெல்லாம் நனைந்தது. ஆறு எங்கள் தெரு முனைக்கு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். அழுதுகொண்டே எடுக்க ஓடினேன்.