உள்ளங்கைச் சொட்டு

சூலியா ஸ்ட்ரீட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுப்படியைக் காஜா மொய்தீன் அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்தார். மத்தியானம் சோறும் மீன் குழம்பும் ஆக்கி, அந்தியில் தோள் தண்டில் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்குச் சுமந்துபோய் விற்பார். செப்புப் பானையைக் கழுவவே மாட்டார். முதல் நாள் மிச்சத்தின் மேல்தான் புதுக் குழம்பு. புளிக்கு அடியில் ஓர் இனிப்பு தட்டும். சீனி போடுவதில்லை என்று சத்தியம் செய்வார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவரை வயிற்றுவலிதான் போட்டு வதைத்தது. அதே குழம்பைத் தின்ற கூலிகளோ மூட்டை தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். நோன்பு மாதத்தில் ருசி பார்க்காமலே ஆக்கினார், வலி போய்விட்டது.

"நோன்போட பரக்கத்து, தம்பி" என்றார்.

பெருநாள் கழிந்து வலி திரும்பியது. வலது மணிக்கட்டும் தொங்கிப் போயிற்று. இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பேன் என்று என்னிடம் அழுதார். அகப்பை அவர் மனைவி ஹபீபா பீவியிடம் போனது. அவள் வயிற்றில் பிள்ளை.

ஓதிய தண்ணீரும் எண்ணெயும் போதும் என்று அடம்பிடித்தவரை நான்தான் திட்டிச் சூசை டாக்டரிடம் இழுத்துப்போனேன். டாக்டர் ஈறைப் பார்த்தார். நீலக்கோடு ஓடியிருந்தது. எதில் ஆக்குகிறார் என்று கேட்டார்; செப்புப் பானை என்றேன், அந்த இனிப்பையும் சொன்னேன்.

"பானைக்கு ஈயப் பூச்சு போட்டது யாரு?"

"தெருவுல வர்றவன்தான். மலிவா போடுவான்."

"வெள்ளீயத்துல காரீயத்தக் கலந்திருக்கான், அது விஷம். புளி அதக் கரைக்குது. இனிப்பும் அதுதான்."

வெள்ளீயம் உருக்கும் ஊரில் வெள்ளீயத்துக்கா பஞ்சம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்குவேன், அவ்வளவுதானே டாக்டர்? தட்டு நெறைய தின்னவன் நல்லா இருக்கானே?"

"அவன் என்னைக்கோ ஒரு நாள் வந்து தின்னுறான். அவனுக்கும் கெடுதல்தான், தெரிய நாளாகும். நீங்க தினமும் பத்துத் தடவ நக்குறீங்க. அது வெளிய போகாம எலும்புல தங்கிடும். பானையைத் தூக்கிப் போடுங்க, கை மெல்லத் தேறும். இப்ப யாரு ருசி பாக்குறா?"

அண்ணன் எழுந்து நடந்தார், தெருவுக்கு வந்ததும் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஹபீபா பீவி உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் முழங்கையால் பானையைத் தள்ளினார். குழம்பு அடுப்பில் கொட்டி நெருப்பு அணைந்தது.

"என்ன கிறுக்கு இது? யாவாரத்துக்கு என்ன செய்யிறது?"

அவர் அவள் வயிற்றையே பார்த்தார். "தெனமும் நக்குனியா?"

"நீங்கதானே ருசி பாக்கச் சொன்னீங்க" என்றாள்.