காலில் சங்கிலியோடு ஆற்றில்

நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் தலைமைச் சமையல்காரர் மால்டாக்காரர். அவருடைய நாட்டில் ஒரு காலத்தில் பிரபுக்களின் போர்க்கப்பல்களை அடிமைகள்தான் துடுப்பு வலித்து ஓட்டினார்களாம். அப்படி ஒன்றைச் சிறிய அளவில், கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊரான லொங்கேயில், தன் வீட்டுக் கராஜில் அவரே கட்டியிருந்தார். கோடையில் அதை ஆற்றில் இறக்கிப் பழைய கடற்சண்டையை நடித்துக் காட்டுவார்கள். அவருடைய சங்கத்தில் எல்லோருக்கும் பிரபு வேஷம்தான் வேண்டும். துடுப்புக்கு ஆள் போதாது. நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு மீன்பிடிக்கப் போனவன் என்று அவருக்குத் தெரியும். என்னையும், அங்கேயே பாத்திரம் கழுவும் என் மச்சானையும் கேட்டார். எனக்கு மறுத்துச் சொல்ல வராது.

போன வருடம் ஒருவர் தண்ணீரில் விழுந்திருந்தார். இந்த முறையும் யாராவது விழுந்தால் இனி அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அதை அவர் எங்களிடம் பலமுறை சொன்னார். வெடி போடுவார்கள், வெறும் சத்தம்தான் என்றும் சொன்னார். தலையாட்டினோம்.

அன்று எங்களுக்கு அடிமை வேஷம். கிழிந்த சட்டைக்குள் மிதவை அங்கி. காலில், படகின் பலகையோடு கொக்கியால் மாட்டிய இரும்புச் சங்கிலி.

"மச்சான், உதுக்கோ கனடா வந்தனாங்கள்?" என்றேன்.

"பேசாமல் வலியடா. உன்ர மனுசி கரையில நிண்டு படம் எடுக்கிறா."

"எடுக்கட்டும். ஊருக்கு அனுப்பினா, கப்பலில வேலை எண்டு நினைப்பினம்."

எதிர்ப் படகில் வெடித்தது.

ஊரில் நேவி சுட்டால் மறுபக்கத்தால் குதித்து, படகின் விளிம்பைப் பிடித்தபடி தலையை மறைப்போம். அதற்கு யோசிப்பதில்லை. சத்தம் அடங்கும்போது நான் தண்ணீருக்குள் இருந்தேன். பக்கத்தில் மச்சானும் இருந்தான். அவனுடைய கொக்கி கழன்றுவிட்டது. என்னுடையது கழலவில்லை. கால் மேலே மாட்டிக்கொள்ள, தலை கீழே போனது. கரையில் கைதட்டினார்கள். மால்டாக்காரர்தான் கொக்கியைக் கழற்றி, என்னைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார்.

பொலிஸ் படகு வந்தது. இவர்கள் விழவில்லை, நாடகத்துக்காகக் குதித்தார்கள் என்றார் அவர். சீருடைக்காரர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று பிரெஞ்சில் கேட்டார். ஓம் என்று ஒரு சொல் போதும். மால்டாக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் சீருடை போட்டவன் கேட்டால் ஓம் என்றாலும் அடி, இல்லை என்றாலும் அடி. தெரியாது என்றவன் சில நேரம் வீட்டுக்குப் போனான். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"தெரியாது ஐயா," என்றேன்.

"என்ன விசரடா உனக்கு? ஓம் எண்டு சொல்லு!" மச்சான் என் முதுகில் இடித்தான். அவனுடைய பல் அடித்துக்கொண்டிருந்தது. சீருடைக்காரர் அதற்குள் படகைக் கரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

மால்டாக்காரரே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். கோடை வெயிலில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, தான் வியர்த்து ஒழுக ஓட்டினார். வாசலில் இறங்கும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"திங்கட்கிழமை சூப்புக்கு எலும்பு வருது. நேரத்துக்கு வா," என்றார்.

இலை உதிரத் தொடங்கியபோது அவர் படகின் பலகைகளைக் கழற்றி விறகாக வெட்டிவிட்டார் என்று மச்சான் வந்து சொன்னான்.