கோடாலிக்காரருக்கு ஒரு சட்டைத்துணி

வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு வாத்தியார்கள் ஒரே அறையில் தங்கியிருந்தோம். மழை பிடித்துக்கொண்டால் மலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. காலாண்டு லீவில் பாண்டிச்சேரியில் எந்தெந்தக் கடைக்குப் போவது என்று பேசியே ஒரு மாதத்தை ஓட்டினோம். என் ஓட்டு லிஃப்ட் வைத்த கடைக்கு. வாங்குகிறேனோ இல்லையோ, ஏறி இறங்க வேண்டும். நண்பர் ஒரே விலைக் கடையில்தான் நிற்பார்.

"அங்க மூஞ்சியப் பாத்து வெல சொல்ல மாட்டான் சார். துணியத் தூக்கியும் போட மாட்டான்."

அவர் ரிஷிவந்தியம் பக்கம் காலனிக்காரர். நான் ஊர்த்தெருக்காரன். மலையில் அது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. சரியாகச் சொன்னால், எனக்கு மறந்திருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டில் தள்ளியிருந்தார்கள். சண்டை அரசாங்கத்தோடுதான். ஆனால் பொழுது சாய்ந்தால் காலனிகளில் விளக்கு ஏற்றுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். மறியல் ஓய்ந்தது, பஸ் ஓடுகிறது என்று ரேடியோ சொன்னதை நம்பிக் கிளம்பினோம். நண்பரின் மனைவிக்கு நிறைமாதம். இருட்டுவதற்குள் வந்துவிடுவதாக அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் தன் ஊர்ப் பிரிவு ரோட்டில் பஸ் ஏறினார்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் பஸ் நின்றது. வெட்டிய மரம் பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பேர். மீசைக்காரர் ஒருவர் கோடாலியோடு ஏறி நேராக எங்களிடம் வந்தார்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

கேள்வி இருவருக்கும் பொது. அது நண்பரிடம் போய்விடக் கூடாதே என்று என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பயந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னுடையது அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. இந்த நாற்பத்தெட்டு வயதிலும் அந்த வியாதி போகவில்லை.

"பாண்டிக்குங்க, துணி எடுக்க. மொதல்ல லிஃப்ட் கட, அப்புறம் ஒரே வெலக் கட, பக்கத்துலயே செருப்புக் கட, பாத்திரக் கடையில குடிக்கக் கலர் குடுக்கறாங்களாம்..."

அவர் கோடாலியைத் தோள் மாற்றினார். "லிஃப்ட் கடைக்கா? இன்னா சார், பைத்தியமா? வெல ஜாஸ்தி. பொங்கலுக்கு அங்க எடுத்த சட்ட ஒரே தொவையில சாயம் வுட்டுச்சி."

"அதுல அவன் பொண்டாட்டி பொடவையும் ஊதாவாயிடுச்சி!" என்று கீழேயிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.

"ஒரே வெலக் கடைக்கே போங்க. எனக்கும் ஒரு சட்டத்துணி எடுத்தாங்க. சாயங்காலம் இப்படித்தானே வரணும்? இங்கதான் குந்திக்கினு இருப்பேன்." பிறகு நண்பரைப் பார்த்தார். "இவுரு இன்னா, பேசவே மாட்றாரு?"

"பல்லு வலிங்க," என்றேன்.

பாண்டிச்சேரியில் லிஃப்ட் கடையை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரே விலைக் கடையில் துணி அடுக்கின் முன்னால் எனக்கு வியர்த்துக் கொட்டியது. சிவப்பு ஒரு கொடி, மஞ்சள் ஒரு கொடி, நீலம் ஒரு கொடி. காக்கி என்றால் போலீஸ். வெள்ளை என்றால் கோடித்துணி. கடைக்காரர் ஆளின் அளவு கேட்டார். எனக்குக் கோடாலியின் அளவுதான் ஞாபகம் இருந்தது.

"கட்டம் போட்டது எடுங்க சார். எல்லாக் கட்சியும் அதுக்குள்ள இருக்கும்," என்றார் நண்பர். தன் மனைவிக்கு அவர் ஒன்றும் எடுக்கவில்லை. வெளியே வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி இங்கேயே தங்கிவிடலாமா என்று கேட்டேன்.

"அவ தனியா இருக்கா சார்."

திரும்பும்போது மரத்தின்மேல் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் நின்றார்கள். காலையில் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் ஏறிய ஆளிடம் பொட்டலத்தை நீட்டினேன்.

"ஒருத்தர் கேட்டாருங்க."

"எவுரு?"

"மீச வச்சிக்கினு... கோடாலி வச்சிக்கினு..."

சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். எல்லோருக்கும் மீசை இருந்தது. எல்லோரிடமும் கோடாலி இருந்தது.

"நீ எந்தத் தெரு?" கேள்வி இப்போது நண்பருக்கு மட்டும். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"காலனிங்க. பிரிவு ரோட்டுக்கு உள்ள. பொண்டாட்டிக்கு நெறமாசம். வுட்டுடுங்க."

அந்த ஆள் மேற்கே ஒரு தரம் பார்த்தான். "அங்கியா போற?" என்றான். பிறகு இறங்கி பஸ்ஸைத் தட்டினான். அடித்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பிரிவு ரோட்டில் நண்பர் இறங்கினார். என் டிக்கெட் கள்ளக்குறிச்சி வரை. கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டன. அவர் ஊருக்கு மேல் புகை நின்றது. "வைக்கோலா இருக்கும் சார், வைக்கோல்தான்" என்று உளறிக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன்.

காலனியில் இரண்டு கூரைகள் விழுந்து புகைந்துகொண்டிருந்தன. மற்ற வீடுகளில் கதவு திறந்து கிடந்தது. நாய்கூட இல்லை. நண்பர் கரும்புக் கொல்லைக்குள் நுழைந்து மெதுவாகக் கூப்பிட்டார். எங்கேயோ காய்ந்த சோகை சரசரத்தது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்துக் குந்தியிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நண்பரின் மனைவி என் கையைப் பிடித்து இழுத்து மண்ணில் உட்காரவைத்தார்.

"சத்தம் போடாதீங்க சார்," என்றார். "அவனுங்க இன்னும் போவல."