பந்துக்கு முன் மிதித்த பிரேக்

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனுஷனுக்குப் பொம்மை வண்டியில் பரீட்சையாம். டிப்போவில் எல்லோரும் 'நிதானம்' என்று கூப்பிடும் அந்த டிரைவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஆராய்ச்சின்னா நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு மனைவி பள்ளிக்கூட ஆயா வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காக வந்திருந்த பெண் படிவத்தை நீட்டினாள். "உங்க பேர் டிப்போவுக்குப் போகாது சார்."

"போகாதுன்னா எதுக்கும்மா கையெழுத்து?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவர் நம்பவில்லை. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடுங்கி மூலையில் உட்கார வைக்க இது ஒரு சாக்கு, வேறென்ன?

ஆனால் டிரைவர்கள் என்ன இளிச்சவாயர்களா? வழியில் செக்கிங் நின்றால் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஹெட்லைட் அடித்துக் காட்டிவிடும் கூட்டம் அது. முதலில் ஓட்டிவிட்டு வந்தவர் காதோடு சொன்னார்: "பள்ளிக்கூட வளைவு வரும். நீல கேட்கிட்ட பந்து ஓடி வரும், பின்னாடியே குழந்தை. கேட்டைப் பார்த்ததும் மிதிச்சிரு." அது பரீட்சைக்கு வந்திருந்த பதினாலு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

அறையில் சாலையைக் காட்டும் மூன்று திரைகள், நடுவே நிஜ பஸ் சீட். இன்ஜின் உதறல்தான் இல்லை. மேலே ஒரு கேமரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நீல கேட் வந்தது. மிதித்தார். வண்டி நின்ற பிறகுதான் பந்து உருண்டு வந்தது.

"பிரமாதம் சார். பதினாலு பேருமே நின்னுட்டீங்க. அங்க வேகத்தடை தேவையில்லைன்னு எழுதிடலாம்."

"எங்க?"

"அந்த வளைவுலதான். நிஜ ரோட்டைப் பார்த்துத்தான் இதைச் செஞ்சோம்," என்று பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் அவர் மனைவி வேலை பார்ப்பது அங்கேதான். தினமும் குழந்தைகளின் கையைப் பிடித்து அந்தச் சாலையைக் கடக்கிறவள் அவள். வேகத்தடை கேட்டு நாலு வருடமாக மனு எழுதி அலுத்துப் போனவளும் அவள்தான்.

அவர் சீட்டை விட்டு எழவில்லை. கேமராவை ஒருமுறை முறைத்தார்.

"பந்து எங்க வரும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்மா. இடத்தை மாத்திப் போடு. தினம் ஓட்டுற மாதிரி ஓட்டுறேன்."

இந்தத் தடவை கேட்டுக்கு வெகு முன்னாலேயே பந்து வந்தது. கால் பிரேக்குக்குப் போவதற்குள் குழந்தை மேல் மோதியதாகத் திரை சிவந்து நின்றுவிட்டது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா," என்றார். "என் பேரைப் போட்டே எழுது."