பாறையைப் பார்த்து உட்கார்ந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஜெலுத்தோங் பசாரில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. எங்கள் ஞாயிறு நடைக் குழுவில் மலர்விழியின் தம்பி எழுதியிருந்தார்: "அக்கா போயிட்டாங்க." மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மலர்விழி மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குழுவை ஆரம்பித்தவரும், எங்களைத் திட்டித் திட்டி நடக்க வைத்தவரும் அவர்தான். "மூட்டு வலியா? வீட்ல உக்காந்தா மட்டும் வலிக்காதா லா?" என்பார். அதற்குமேல் எழுந்து நடக்க வேண்டியதுதான்.

கூட நடந்தவர்களுக்கு அவருடைய ஒரு வழக்கம் நினைவிருக்கும். எந்த மலை ஏறினாலும் உச்சியில் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி, ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வோம். பிறகு திரும்பாமலே கேட்பார்: "என்ன தெரியுது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க." நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலச் சொல்வோம். ஒருமுறை எனக்கு எரிச்சல் வந்து, "உனக்குக் கண்ணு இல்லையா? திரும்பிப் பாரேன் லா" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார்; திரும்பவில்லை.

நாட்டிலேயே உயரமான கினபாலு மலைக்கு ஆறு பேர் போனோம். முதல் நாள் பாதி மலை ஏறித் தங்கி, மறுநாள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஏறினோம். உச்சிக்கு வந்தபோது சூரியன் எழுந்தது. என் ஆயுளில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மேகங்கள் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தன. மேற்கே, அந்த மேகங்களின் மேல், மலையின் நிழல் முக்கோணமாகக் கடல்வரை நீண்டிருந்தது. அந்த நிழலின் நுனியாக அங்கே விழுந்திருப்பது நாம் நிற்கும் உச்சிதானே என்று உறைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்னண்ணே தெரியுது?" பாறையைப் பார்த்தபடியே மலர் கேட்டார். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "நிழலா? கடல் வரைக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இறங்கும்போதுதான் வினை. இருட்டில் ஏறியதால் தெரியாத பள்ளம் பகலில் தெரிந்தது. வழுக்குப் பாறை அப்படியே மேகத்துக்குள் இறங்கியது. கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன், கால் அசையவில்லை. மேலேயிருந்து வழிகாட்டி "பெலான்-பெலான்" என்று மெதுவாக இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை திரண்டு வந்தது. பாறை நனைந்தால் என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

மலர் என்னைத் தாண்டி வந்து எனக்குக் கீழே நின்றார். அவர் கைகள் என் கைகளைவிட அதிகமாக நடுங்கின.

"அண்ணே, கீழ பாக்காதீங்க. என் குதிகாலை மட்டும் பாருங்க. நான் வச்ச எடத்துல வைங்க."

"உனக்கே நடுங்குதேம்மா!"

"எப்பவும் நடுங்கும்ணே. ஒசரம்னாலே எனக்குப் பயம். அதான் பிளாட்லகூட கீழ்வீடு எடுத்தேன். முன்னால போறவங்க குதிகாலைப் பாத்துத்தான் இத்தன மலையும் ஏறுனேன்."

"பின்ன ஏன் வர்ற?"

"மேல என்ன இருக்குன்னு தெரிய வேணாமா? எனக்குப் பாக்க முடியாட்டி என்ன, நீங்கல்லாம் சொல்றீங்கல்ல."

அன்று அவருக்கு முன்னால் பார்த்து நடக்க ஒரு குதிகாலும் இல்லை. வாழ்நாளெல்லாம் பார்க்க அஞ்சிய பள்ளத்தை அவர் எனக்காகப் பார்த்துக்கொண்டே இறங்கினார். மலையைக் கண்டு வாயடைத்துப் போனது காலையில். இந்தப் பெண்ணைக் கண்டு வாயடைத்துப் போனது அதற்குப் பிறகு. மழை பிடிக்குமுன் எல்லாரும் இறங்கிவிட்டோம்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, ஆறாவது மாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். "வெளிய என்ன தெரியுதுண்ணே?" என்றார். கார் நிறுத்துமிடத்தையும் எங்கள் ஊர்க் கொடிமலைமேல் பெய்த மழையையும் சொன்னேன். போதும் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

நேற்று ஞாயிறு. மிச்சம் ஐந்து பேரும் கொடிமலை ஏறினோம். உச்சியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய கேள்விதான் இனி என்னிடம் இருப்பது. பதில் சொல்லும் வேலையும் என்னுடையதே. பக்கத்திலிருந்த பாறையின் பக்கம் திரும்பி, உரக்கவே சொன்னேன்:

"கடல் பாலம் தெரியுது மலர். கடல் தெரியுது. ஜெலுத்தோங் பிளாட்டுங்க எல்லாம் தெரியுது. உன் கீழ்வீடுதான் இங்கேருந்து தெரியல."