மாணிக்கம்மாளின் கூவல்

ஜவ்வாது மலைக்கு நான் ரேஷன் கடை விற்பனையாளனாக வந்து பதினொரு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் ஒடுகத்தூர். இத்தனை வருஷத்தில் அரிசி ஒரு கைப்பிடி குறைந்தாலும் முகத்துக்கு நேரே கேட்கிற ஒரே ஆள் மாணிக்கம்மாள். அதனால் ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதை நெருங்குகிற வயது. கணவர் காசிக்குக் கோயம்புத்தூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் மலை ஏறுவார். இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லைக்கு விதைப்பு, களையெடுப்பு, காவல் எல்லாம் மாணிக்கம்மாள் ஒருவரே.

காவல் காட்டுப்பன்றிக்கு. சாமைக் கதிர் பால் பிடித்துவிட்டால் பொழுது சாயும்போதே பன்றி இறங்கிவிடும். பரண்மேல் இருப்பவர் கூவுவார். கூவல் கேட்டால் பக்கத்துக் கொல்லைக்காரர் பதில் கூவி, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். பகையாளியானாலும் சரி. அதேபோலக் காரணம் இல்லாமல் யாரும் கூவக் கூடாது. இந்த மலையில் எழுதிவைக்காத சட்டம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் சினிமாக்காரர்கள் வந்தார்கள். கற்காலத்தில் நடக்கிற த்ரில்லர் படம். குகையில் வாழும் ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்கிறவன் அந்தக் கூட்டத்திலேயே ஒருவன். யார் அவன் என்பதுதான் கதை. மிருகத்தோல் மாதிரி துணியைச் சுற்றிக்கொண்டு நிற்க ஊரில் ஆள் கேட்டார்கள். மாணிக்கம்மாளைக் கூப்பிட வந்தவர், இந்த மலையைப் பார்த்தால் இன்னும் கற்காலம் போலவே இருக்கிறது என்று, புகழ்வதாக நினைத்துச் சொல்லிவிட்டார்.

"எங்க வூட்ல கேஸ் அடுப்பு கீது. எம் பொண்ணு நர்சிங் படிக்குது. இதுல இன்னா சார் கல்லு காலம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார் மாணிக்கம்மாள்.

ஆனால் ஒலிப்பதிவு செய்ய வந்த வெற்றிச்செல்வன் வேறு மாதிரி ஆள். முதல் நாள் சாயங்காலம் மாணிக்கம்மாளின் கூவலைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார். மறுநாள் மைக்கோடு கொல்லைக்கே வந்து, இப்படி ஒரு குரலை எங்கேயும் கேட்டதில்லை, படத்துக்கு ஒரே ஒருமுறை கூவிக் காட்டுங்கள் என்று கெஞ்சினார். பட்டப்பகல். பன்றி கிடையாது. தப்பு என்று தெரிந்தும் மாணிக்கம்மாள் கூவிவிட்டார். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் யார்?

மூச்சு விடுவதற்குள் நாலாபக்கமும் பதில் கிளம்பி, கொம்பும் கொடுவாளுமாகப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவர் கீழ்க்கொல்லைத் தீர்த்தகிரி, வயது அறுபது. வந்த வேகத்தில் பாறையில் சறுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. கீழே கிடந்தபடியே மைக்கைப் பார்த்தார். "இனிமே நீ கூவுனா நான் வரமாட்டேன்" என்றார். மூன்று மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தார். மாணிக்கம்மாள் கஞ்சி கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டும் மனம் இறங்கவில்லை.

அதோடு மாணிக்கம்மாள் கூவுவதை நிறுத்தினார். கூவி, கீழ்க்கொல்லையிலிருந்து பதில் வராமல் போனால் அந்த அவமானத்தைத் தாங்க முடியாது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். தகரத்தைத் தட்டிப் பன்றி விரட்டினார். பன்றி தகரத்துக்கா பயப்படும்? போன வருஷம் பாதிச் சாமை போயிற்று. ஊரோ கூவலை விற்றவள் என்று பேசியது. என் பங்குக்கு நானும், சினிமாக்காரி வந்தாச்சு என்று கடையில் கிண்டல் செய்திருக்கிறேன். குரல் படத்தில் வரும் என்று அவர் சொன்னபோதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

படம் தியேட்டருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இந்தக் கார்த்திகையில் ஓடிடியில் ரிலீஸ் ஆனது. செல்போன் கடை ஜீவானந்தம் அன்று சாயங்காலமே பள்ளிக்கூட வராந்தாவில் டிவியை வைத்து, கோயில் ஸ்பீக்கர் பெட்டியை இணைத்தார். சிக்னலுக்காகப் போனை மூங்கில் கழியில் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். ஊரே வந்திருந்தது. தீர்த்தகிரி மட்டும் கொல்லைக் காவலை விட்டு வரவில்லை.

துணி சுற்றி நின்றவர்கள் திரையில் தங்கள் முதுகைக் கண்டுபிடித்துக் கைதட்டினார்கள். கற்காலத்துக் கதாநாயகி புருவம் திருத்தியிருப்பதைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். மாணிக்கம்மாள் கடைசியில் தூணோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் ஓடியும் குரல் வரவில்லை. சிலர் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

கதாநாயகி பாறை உச்சியில் மாட்டிக்கொண்டாள். கொலைகாரன் மேலே ஏறுகிறான். அவள் வாயைத் திறந்தாள். மாணிக்கம்மாளின் கூவல் வந்தது. ஸ்பீக்கர் அதிர, மலைச்சரிவு முழுக்க இறங்கிப் போனது. படத்தில் அந்தக் கூட்டம் பயந்து குகைக்குள் ஒளிகிறது; யாரும் பதில் கொடுக்கவில்லை. டிவி அமைதியாக இருந்தது.

அப்போது கீழ்க்கொல்லைப் பக்கமிருந்து பதில் கூவல் கேட்டது.

ஜீவானந்தம் படத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் தீர்த்தகிரி கையில் கொம்போடு, பிசகின காலை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றார். டிவியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்க எல்லாருக்கும் பயம். மாணிக்கம்மாள் எழுந்து நின்றார்.

"நான் கூவல மாமா. அன்னிக்கு புடிச்சிக்னு போனாங்களே, அது."

"கொரலு உன்னுதாச்சே" என்றார் தீர்த்தகிரி. "வரமாட்டேன்னு வாயி சொல்லிட்ச்சி. காலு கேக்கலியே."

முன்வரிசையில் அவருக்கு இடம் விட்டார்கள். திரையில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், அந்தப் பெண் கூவியும் ஒருத்தனும் போகவில்லையா, என்ன ஜனங்கள் இவர்கள் என்று சலித்துக்கொண்டார். "நம்மூரா இருந்தா படம் இங்கியே முடிஞ்சி பூட்டிருக்கும்" என்றார். வராந்தாவே சிரித்தது. நானும் சிரித்தேன், இந்த ஊரில் வேலை பார்க்கிறேன் என்பதில் அன்று எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. பிறகு தீர்த்தகிரி, மாணிக்கம்மாளைத் திரும்பிப் பார்க்காமலேயே, "நாளைலருந்து தகரம் தட்டாத. காது வலிக்குது" என்றார். மாணிக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. எல்லாம் இங்கிலீஷ். கிட்டே போய் நின்று கடைசி வரிவரை படித்தேன். டீ கொடுத்தவர் பெயர்கூட இருந்தது, மாணிக்கம்மாள் பெயர் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சும்மா விடக் கூடாது, நானே அவர்களுக்கு எழுதிப் போடுகிறேன் என்று குதித்தேன்.

மாணிக்கம்மாள் கீழ்க்கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

"இம்மாந் தூரத்துல இருந்து கொரல கேட்டே நான்தான்னு ஓடியாந்தாரே சார். அதுக்கு மேல பேரு எதுக்கு?"