பத்துப் பேரோடு ஆடிய அணி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சோற்றை வடித்து, சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவேன். மகள்தான் ஊரில் இல்லையே, நீ எதற்கு அங்கே போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர் மறுபடி தூங்குவதற்குள் நான் தெருவில் இறங்கியிருப்பேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானம் அது. பேருக்குக்கூடப் புல் கிடையாது. செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். பந்து எந்தப் பக்கம் குதிக்கும் என்று பந்துக்கே தெரியாது. எங்கள் தெருப் பிள்ளைகள் அங்கேதான் ஹாக்கி ஆடுகிறார்கள். பையன், பெண் என்று பிரிக்கிற அளவுக்கு ஆள் சேராததால் எல்லாரும் ஒரே அணி. மட்டை இல்லாத பிள்ளைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் மட்டையைக் கொடுக்கும். பெயிண்ட் கடை அண்ணாச்சிதான் அணியைப் பார்த்துக்கொள்வார், விசிலும் ஊதுவார். அவருக்கு விதிகள் பாதிதான் தெரியும், மீதியைச் சத்தம் போட்டுச் சமாளிப்பார். நானும் ஒரு டீச்சர் என்பதை மறந்து கோட்டுக்கு வெளியே நின்று கத்துவேன்.

என் மகள் அதில் வலது ஓரத்தில் ஆடினாள். கல்லில் ஆடிப் பழகியவள், பந்தை மட்டையைவிட்டு விலகவே விடமாட்டாள். போன வருடம் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் சென்னை அகாடமிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். மாவட்டம் மாவட்டமாக நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, ஹாஸ்டலில் வைத்து, நீல நிறச் செயற்கைத் தரையில் பயிற்சி கொடுத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஆடவைக்கிற அணி அது. கூப்பிட்ட வாரத்திலேயே வந்து சேரச் சொன்னார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்கும் என்று அவள் அப்பா கணக்குப் போட்டார். எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை. அவளை விட்டுவிட்டு வந்து அவள் படுக்கும் பாயைச் சுருட்டப் போனவள், சுருட்டாமல் அதிலேயே படுத்துவிட்டேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரிக்கோ வேலைக்கோ கல்யாணமாகியோ ஒருவர் ஊரைவிட்டுப் போனால், கடைசி ஆட்டத்தன்று தன் எண் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கழற்றி, தன் இடத்துக்கு வருகிறவருக்குத் தன் கையாலேயே மாட்டிவிட வேண்டும். மகள் போன அவசரத்தில் அது நடக்கவில்லை. "லீவுக்கு வருவேன்லா, அப்பம் நானே ஆடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சொல்லை நம்பி அணி பத்துப் பேரோடு ஆடியது.

ஆள் இல்லாமல் இல்லை. கறிக்கடை பாயின் இளைய மகள் ஒவ்வொரு வாரமும் பந்து படாமலிருக்க முன்காலில் தடுப்புகளைக் கட்டிக்கொண்டு வந்து வெளியே உட்கார்ந்திருப்பாள். எதிரணிகள் எங்களுடைய காலியான வலது பக்கமாகவே புகுந்து கோல் மேல் கோலாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அவளை இறக்கினால் என்ன என்று நான் ஒருமுறை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அவ கையால சட்டையக் குடுக்காம இன்னொரு ஆள எப்படி டீச்சர் நிறுத்த? நாளைக்கிப் பிள்ளை வந்து நின்னா என்ன சொல்லுதது?" என்றார்.

கிறுக்குத்தனம்தான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வலது ஓரம் காலியாகக் கிடக்கும்வரை என் மகள் ஊரில்தான் இருக்கிறாள், ஏதோ வேலையாகக் கடைக்குப் போயிருக்கிறாள் என்பது போல இருக்கும். அதைப் பார்க்கத்தான் ஞாயிறுதோறும் போனேன். போனில் அவள் புவனேஸ்வர் என்பாள், போபால் என்பாள். எத்தனை கோல் போட்டாய் என்று கேட்டால், "சிக்னல் சரியில்லம்மா" என்பாள். இன்னொன்றும் ஒருமுறை சொன்னாள். "என் எடத்துக்கு நாலு பேரு நிக்குதாவ, எம்மா." இங்கே உன் இடத்தைப் பத்துப் பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சீவலப்பேரி அணியோடு ஆடுவது வருடா வருடம் நடப்பது. அவர்கள் டவுன் பஸ்ஸில் மட்டைகளோடு வந்து இறங்குவார்கள், தோற்கிற அணி டீயும் வடையும் வாங்கித் தரவேண்டும். அந்த ஒரு ஆட்டத்தில் அவள் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் ஏங்கியிருந்தேன். அவள் எண் போட்ட சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

"வெளிய எங்கனயும் ஆடக் கூடாதுன்னு எங்க சார் சொல்லிருக்காரும்மா. கால்ல அடிபட்டா அவ்வளவுதான்" என்றாள்.

"இது வெளியவா ட்டி?" என்று எரிந்து விழுந்தேன். அவள் மட்டையைத் தொடவில்லை. ஆனால் சட்டையை எடுத்துக்கொண்டு என்கூட வந்தாள்.

மைதானத்தில் அவளைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "ஏட்டி, வந்துட்டியா, போய் நில்லு" என்று அண்ணாச்சி விசிலால் வலது ஓரத்தைக் காட்டினார். அவள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போட்டிருந்த சட்டையின் மேலேயே பழைய சட்டையை மாட்டப் பார்த்தாள். தோளைத் தாண்டி இறங்கவில்லை. அகாடமியில் எடை தூக்கவைத்து ஆளையே மாற்றியிருந்தார்கள். தலை உள்ளே மாட்டிக்கொண்டு அவள் திண்டாடியதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சட்டைக்குள்ளிருந்து அவள் சிரிப்பும் கேட்டது. ஒருவழியாகக் கழற்றி, பாய் மகளை எழுப்பி நிறுத்தி, அவளுக்கு மாட்டிவிட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. அண்ணாச்சி மட்டும், "சரி, இனி பதினோரு பேரு" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. "நீ ஆடலேன்னா போகட்டும். சட்டைய எதுக்குக் குடுத்த?" என்றேன்.

"நானும் ஆடமாட்டேன், அவளயும் ஆடவிட மாட்டேன்னா என்ன நியாயம்மா?" என்றாள். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பைய, "அங்கன நானும் இப்படித்தான் உக்காந்திருக்கேன். போன ஊருலெல்லாம் பெஞ்சுதான்" என்றாள்.

எனக்கு அதுவரை தெரியாது. இந்தியாவின் பாதி ஊர்களுக்கு ரயிலேறிப் போய் என் பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே அவளுக்காக ஒரு மைதானத்தின் ஓரமே காலியாகக் கிடந்தது. அவள் கையைப் பிடித்தேன், உள்ளங்கை காய்ப்புக் காய்ப்பாக இருந்தது.

அப்போது பாய் மகள் கல்லில் எகிறிய ஒரு பந்தை மடக்கிக் கோல் போட்டாள். பத்துப் பேரும் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தார்கள். என் மகள் எழுந்தே விட்டாள். மறுபடி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எம்மா, நான் இங்கனயே வந்திரட்டுமா?"

"வந்துரு" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நீ வேண்டாம்னு சொல்லுவன்னு நெனச்சுல்லா கேட்டேன். போயி ஆடு ட்டின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நீ சொன்னன்னு போயிருப்பேன். இப்பம் நானாத்தான் போகணும்."

விடுமுறை முடிந்து நெல்லை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டேன். அவள் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். நல்லபடியாக ஆடு, பெஞ்சைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைக்காதே என்று மட்டும் சொன்னேன். "வந்துருன்னு சொன்னியே, அதத் திருப்பி வாங்கிக்கிடுதியாம்மா?" என்று அவளே கேட்டாள்.

"வேண்டாம், அது கெடக்கட்டும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வண்டி நகர்ந்தது.